முப்பதாவது தலை

இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டு பத்துக்குத் தொடங்கி இரண்டு நாற்பத்தொன்பதுக்கு முடிந்தது. 1998 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. பேய் ராத்திரிதான் வரும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தது என் கை. காகிதத்தில் மை இருக்கிறது. அதில் நாலு தாள் இன்றைக்கும் என் பெட்டியில் கிடக்கிறது.

என் பெயர் சுடலைமாடத்தி. கரமனை ஆற்றோரத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அப்பாவுக்குக் கான்கிரீட் வேலை. அம்மா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். எங்கள் வம்சத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ், முதல் வகுப்பு. அந்த முதல் வகுப்புக்குத் திருவனந்தபுரத்தில் கிடைத்த வேலை, அடுத்தவர் தலையில் பசை தடவுவது.

மூளை அலை ஆராய்ச்சி. இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். டாக்டர் பத்மப்ரியா என்று ஒருவர். மனசுக்குள் கணக்குப் போடும்போது மூளை அலை எப்படி ஓடுகிறது, சும்மா இருக்கும்போது எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார். படித்தவர்கள் முப்பது பேர். பள்ளிக்கூடமே போகாதவர்கள் முப்பது பேர். இரண்டாவது கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘இல்லிட்டரேட் குரூப்’. அந்தக் கூட்டத்தைப் பிடித்து வர வேண்டியவள் நான். காலையில் பழவங்காடியில் வேலைக்காகக் காத்து நிற்கிறார்களே, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த எங்கள் ஊர் ஆட்கள்... அவர்களில் ஒவ்வொருவராகக் கூட்டி வருவேன். அறுபது தலையும் முடிந்தால் டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட் கிடைக்கும். அது இருந்தால்தான் மேல்படிப்புக்கு இடம். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டேன்.

என் பெயரைக்கூட அவர் வாயில் வைக்க மாட்டார். சுதா என்று மாற்றிவிட்டார்.

வேலை எப்படி என்றால், தலைமுடியை வகிர்ந்து, ஸ்பிரிட் பஞ்சால் தோல் சிவக்கத் தேய்க்க வேண்டும். எட்டு இடத்தில் பசை வைத்து எட்டு வெள்ளித் தகடுகளை ஒட்ட வேண்டும். தகட்டிலிருந்து கம்பி. கம்பி போய்ச் சேருமிடம் மெஷின். மெஷினில் எட்டுப் பேனா, ஓடுகிற காகிதம். முடிந்ததும் தகடுகளைப் பிய்த்து உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறவைக்க வேண்டும். சாயங்காலம் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமே. சாம்பல் நிறம். மேலே எண்ணெய் வட்டம். பொடுகு. அறுந்த முடி. கான்கிரீட் ஆட்களுக்கு மயிர்க்காலில் சிமெண்ட் இருக்கும். அது பசையோடு சேர்ந்து பல்லில் படிகிற காரை மாதிரி இறுகிவிடும். குச்சியால் நோண்டி எடுப்பேன். குமட்டும். இன்றைக்கும் ஆறிப்போன கஞ்சியில் ஆடை படர்ந்திருந்தால் என்னால் வாயில் வைக்க முடியாது.

“சுதா, காலேஜ் பசங்களுக்கு ஒரு தடவை அலம்பினா போறும். இவாளுக்கு டெட்டால் விட்டு ரெண்டு தடவை அலம்பு” என்பார் டாக்டர், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பசை வைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பதாவது ஆள் தாசையன். அப்பாவோடு வேலைக்குப் போகிறவர். மாமா என்று கூப்பிடுவேன். அந்த வாரம் நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்துக்கு மேல்தளம் போட வேண்டியிருந்தது. அப்பா, தாசையன் மாமா, அவர் மனைவி நேசமணி அத்தை எல்லாரும் அங்கேயே ஷெட்டில் தங்கியிருந்தார்கள். புதன்கிழமை, 17ஆம் தேதி, எனக்காக அரைநாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார்.

“என்ன மக்ளே, தலைக்குள்ள எட்டிப் பாக்கப் போறியளாமே?”

“ஆமா மாமா. வலிக்காது.”

“உள்ள ஒண்ணும் இல்லன்னு எழுதிராத. ஒங்க அத்தை இருவது வருசமா அதத்தான் சொல்லிட்டுக் கெடக்கா.”

அவர் கன்னத்தில் ஏதோ புடைத்திருந்தது. புளியங்கொட்டை. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு இத்தனை சட்டி ஜல்லி, இத்தனை சட்டி மணல் என்று எண்ண ஒரு ஆள் வேண்டும். அவரும் சட்டி சுமப்பார். இரண்டு கையும் தலைமேல் சட்டியில். விரல் மடக்க முடியாது. இரைச்சலில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. மாமா வாயில் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கிக்கொள்வார். சட்டிக்கு ஒரு கடி. நானூறு சட்டி ஆனாலும் எண்ணிக்கை பிசகாது. மேஸ்திரி நிறுத்தச் சொல்லாமல் நிறுத்தவும் மாட்டார். எண்ணிக்கை பிசகினால் கான்கிரீட் சொத்தை.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். “வாயில என்னடி அது? சீ... துப்பச் சொல்லு.”

நான் ஒரு காகிதத்தை நீட்டினேன். துப்பினார். எச்சில் நூலாக நீண்டு என் விரலில் விழுந்தது. மடித்துத் தூக்கிப் போடக்கூட அருவருப்பு. காகிதத்தோடு ஸ்டீல் தட்டில் போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

உள்ளறைக்குக் கூட்டிப் போனேன். சுற்றிலும் செம்புக் கம்பி வலை அடித்த சின்ன அறை. கதவை மூடினால் பகல் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஸ்பீக்கர். மெஷினும் மைக்கும் வெளியே என் மேஜையில்.

“மாமா, கண்ணை மூடிச் சும்மா இருங்க. அப்புறம் நான் தொடங்குங்கன்னு சொன்னா, ஆயிரத்துலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வரணும். மனசுக்குள்ள.”

“எப்பம் நிறுத்த?”

“நான் நிறுத்துங்கன்னு சொல்லுவேன். அதுவரைக்கும் நிறுத்தப்படாது.”

“அப்பம் நம்ம வேல மாதிரித்தான்” என்றார். சிரித்தார். கதவை மூடினேன்.

2.10. ஓய்வு. கண்ணை மூடி மனசைச் சும்மா விட்டால் விநாடிக்குப் பத்து அலை, சீராக எழும்பி விழும். மாமாவுக்கு அது அவ்வளவு அழகாக வந்தது. இருபத்தொன்பது பேரில் யாருக்கும் அப்படி வரவில்லை.

2.20. “தொடங்குங்க.” அலை சட்டென்று சுருங்கிப் பொடிப்பொடியானது. கணக்குப் போட்டால் அப்படித்தான் ஆகும். ஆனால் நாலு விநாடிக்கு ஒரு தடவை, காதுக்கு மேல் வைத்த இரண்டு தகட்டின் பேனா மட்டும் துடித்து, கறுப்பாக ஒரு கறை. புளியங்கொட்டை இல்லாமலே பல்லைக் கடிக்கிறார். கழித்தலுக்கு ஒரு கடி.

“ரெக்கார்டே குப்பை” என்றார் டாக்டர். “மெஷினை அணை. வேற யாரையாவது நாளன்னிக்குக் கொண்டு வா. நீ ஆபீஸுக்குப் போய் உன் சர்ட்டிபிகேட் டிராப்டை டைப் அடிச்சு வாங்கிண்டு வா. நாலு மணிக்கு நான் கிளம்பிடுவேன்.”

சர்ட்டிபிகேட் என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மெஷினை அணைத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது 3.25. உள்ளறைக் கதவு மூடியே இருந்தது.

திறந்தேன். முகத்தில் அடித்தது நாற்றம். வியர்வை, பசை, நனைந்த சட்டை. அவர் அதே நாற்காலியில், அதே கம்பிகளோடு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தாடை மட்டும் அசைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில். எனக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அவர்மேல் வந்தது. எழுந்து வந்து கேட்டிருக்கக் கூடாதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு தகடுகளைப் பிய்த்தேன். முடியோடு வந்தது.

“ஆயிரம் ஆறு தடவ தீந்துட்டு மக்ளே. ஒவ்வொரு தடவையும் ஆறு மிச்சம். இப்பம் ஏழாவது ஓடுது.”

“சரி மாமா, கிளம்புங்க. பஸ் போயிரும்.”

வாசலில் நின்றார். என் வாயையே பார்த்தார்.

“வேற ஒண்ணும் சொல்லாண்டாமா?”

“என்ன சொல்லணும்? போங்க மாமா, எனக்கு வேலை கெடக்கு.”

போனார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. பழவங்காடியில் யாரும் சிக்கவில்லை. மறுநாள் டாக்டர் அறிக்கை அனுப்ப வேண்டும். முப்பதாவது தலை இல்லை. காலையிலேயே திட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். நான் தனியாக இருந்தேன்.

ஆள் வராத நாளில் தகடுகளைச் சோதிக்கலாம். புதுத் தண்ணீர் பிடித்து உப்புக் கரைத்தேன். கிண்ணத்தை உள்ளறை நாற்காலிமேல் வைத்து எட்டுத் தகட்டையும் அதில் போட்டேன். 2.08. கதவை மூடினேன். வெறும் உப்புத் தண்ணீர். எட்டுப் பேனாவும் எட்டு நேர்க்கோடு போட வேண்டும். கோடு ஆடினால் தகடு கெட்டிருக்கிறது. அவ்வளவுதான் சோதனை.

மெஷினைப் போட்டேன். 2.10.

எட்டு நேர்க்கோடு.

இரண்டு நிமிஷம் கழித்து எட்டுக் கோடும் பொடிப்பொடியாக நடுங்கத் தொடங்கின. மழையில் கரண்ட் ஏறி இறங்கும், அதுதான் என்று நினைத்தேன்.

பிறகு, கிர்ர்ர்...

காதுப் பக்கத்துப் பேனா இரண்டும் துடித்தன. கறுப்பாக ஒரு கறை.

நாலு விநாடி.

கிர்ர்ர்... இன்னொரு கறை.

நாலு விநாடி. இன்னொன்று.

உள்ளறைக்குப் போனேன். டார்ச் அடித்தேன். நாற்காலிமேல் கிண்ணம். எட்டுக் கம்பி. தண்ணீர் அசையவில்லை. ஒரு தகட்டை வெளியே எடுத்தேன். வெளியே ஒரு பேனாவின் சத்தம் மட்டும் கோணியது. திரும்பப் போட்டேன். மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் கவனித்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

பச்சைத் தண்ணீர்தான் பிடித்தேன். நானே பிடித்தேன்.

விரலை எடுத்தேன். வழவழப்பு. டார்ச்சில் பார்த்தேன். எண்ணெய். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு நரைத்த முடி. சாம்பலாக ஏதோ துகள். முகர்ந்தேன்...

ஈர சிமெண்ட்.

வெளியே ஓடி வந்து ஜன்னலோரம் நின்றேன். அங்கேதான் அந்த ஸ்டீல் தட்டு இருந்தது. புதன்கிழமை ஓரமாகத் தள்ளியது. காகிதம் சருகாகக் காய்ந்திருந்தது.

நடுவில் புளியங்கொட்டை.

ஈரமாக இருந்தது. சுற்றிலும் நுரை. இப்போதுதான் துப்பியது போல.

அந்தத் தட்டுக்கு எதிரிலேயே வாந்தி எடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எடுத்தேன்.

பின்னால் மெஷின். கிர்ர்ர்...

நான் பிசிக்ஸ் படித்தவள். வாயைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஓடிப்போன காகிதத்தை முதலிலிருந்து விரித்துக் கறைகளை எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு. பிறகு பன்னிரண்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு மறுபடி முதலிலிருந்து.

ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாக நூற்று நாற்பத்திரண்டு தடவைதான் கழிக்க முடியும்.

ஆறு மிச்சம்.

மணி 2.44. நாலாவது ஆயிரம் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கைப் போட்டேன்.

“தாசையன் மாமா...?”

கிர்ர்ர்.

நாலு விநாடி ஆகவில்லை. இரண்டே விநாடி. எனக்குப் பதில்.

“மாமா, நீங்க எங்க இருக்கீங்க?”

ஒன்றுமில்லை. நாலு விநாடி. கறை. நாலு விநாடி. கறை. வேலை நடக்கிறது. பேச நேரமில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாரே... எதற்காக என்று.

2.47.

“மாமா... நிறுத்துங்க.”

பேனாக்கள் நின்றன.

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

பிறகு வந்தது. விநாடிக்குப் பத்து. சீராக. எட்டுக் கோட்டிலும். எழும்பி, விழுந்து, எழும்பி, விழுந்து... ஓய்வு. கிண்ணத்துத் தண்ணீர் ஓய்வெடுத்தது. நான் அழுதுகொண்டே பார்த்தேன். பத்து விநாடிக்கு ஒரு தாள். மூன்று தாள் ஓடியது.

கதவு திறந்தது.

டாக்டர். மழைத் தண்ணீர் சொட்டும் குடையோடு. தரையில் குவிந்து கிடந்த காகிதத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மைக் போட்டபடியே இருந்தது. அதன்மேல் குனிந்துதான் பேசினார்.

“ஆள் கிடைச்சுட்டானா? நன்னா வந்துண்டிருக்கே. ஏன் நிறுத்தினே? தொடரச் சொல்லு!”

அலை சுருங்கியது.

பொடிப்பொடியாக.

கிர்ர்ர்...

நாலு விநாடி.

கிர்ர்ர்...

நான் பிளக்கைப் பிடுங்கினேன். 2.49.

டாக்டர் உள்ளறைக் கதவைத் திறந்தார். நாற்காலியைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். கைக்குட்டை தானாக மூக்குக்குப் போனது.

“எத்தனை நிமிஷம் வந்தது?”

“முப்பத்தேழு.”

“ஏதாவது கரண்ட் லீக்கேஜா இருக்கும்.” காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். “மடிச்சு வை. பல்லைக் கடிச்ச இடத்தை விட்டுட்டு நடுவுல இருக்கறதை எடுத்துக்கலாம். முப்பதுன்னு நம்பர் போடு.”

“டாக்டர், உள்ள ஆளே இல்லை.”

“உனக்கு சர்ட்டிபிகேட் வேணுமா வேண்டாமா, சுதா?”

போட்டேன். முப்பது. என் கையெழுத்துத்தான். கிண்ணத்தில் மிதந்ததைவிட, தட்டில் கிடந்ததைவிட, அந்தக் கைதான் எனக்கு அருவருப்பு. கடைசி நாலு தாளை மட்டும் அவர் பார்க்காதபோது கிழித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குப் போனேன். லைன் வீட்டு வாசலில் கூட்டம். அம்மா ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். தாசையன் மாமா வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு இரண்டாம் தளத்திலிருந்து விழுந்திருக்கிறார். சட்டியோடு. சாரப் பலகை முடிந்தது தெரியாமல் நடந்தார் என்று அப்பா சொன்னார். ராத்திரி ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு நேரம் இருந்தது?

நேசமணி அத்தை பாயில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

“புதங்கிழமை ஒன்கிட்ட வந்துட்டுப் போனதுலேருந்து பல்ல நறநறன்னு கடிச்சிட்டே இருந்தாரு மக்ளே. ராத்திரி ஒரு பொட்டுக் கண்ண மூடல. படுங்களேன்னு சொன்னேன். ‘பிள்ள இன்னும் நிறுத்தச் சொல்லலட்டீ’ன்னாரு. என்னத்த நிறுத்தன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல.”



பதினைந்து நாள் கழித்து அத்தை ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். போஸ்ட்மார்ட்டம் சர்ட்டிபிகேட். எங்கள் லைனில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரேஷன் கார்டிலிருந்து கோர்ட்டு நோட்டீஸ் வரை எல்லாம் என்னிடம்தான் வரும்.

“என்ன மக்ளே போட்டிருக்கு?”

பெயர். வயது. விழுந்த விதம். மண்டை ஓட்டைத் திறந்து பார்த்த விவரம். அதற்கு மேலே ஒரு வரி. பரிசோதனை தொடங்கிய தேதி, நேரம்.

ஜூன் 19. பிற்பகல் 2.10.

“ஒண்ணுமில்ல அத்தை. வயசு நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு.”

டாக்டரின் அறிக்கை அச்சாகி வந்தது. முப்பதாம் நபர், ஆண், பள்ளி செல்லாதவர், மிகச் சிறந்த ஒத்துழைப்பு. எனக்குச் சர்ட்டிபிகேட் வந்தது. அதில் என் பெயர் சுதா. கிழித்துப் போட்டுவிட்டு வேலையை விட்டேன்.

கல்லறைக்குப் போய் நிறுத்துங்க மாமா என்று சொன்னேன். வேலையை விட்ட அன்றைக்கு அந்த இருட்டறைக்குள் நின்று சொன்னேன். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. ஆனால் அங்கெல்லாம் பேனா இல்லை. கேட்டாரா என்று எப்படித் தெரியும்?

அந்த நாலு தாளை எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். மூன்று தாள் ஓய்வு. நாலாவதில் ஒரு கறை. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு கறை. அங்கே நான் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு காகிதம் வெள்ளை.

அதற்குப் பிறகு நாலு விநாடி ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு இன்னொரு நாலு விநாடி...